புகை தெற்கே சாய்ந்த தேர்தல்

அதிபர் தேர்தலுக்கு முப்பத்தொரு நாள் இருக்கையில், அக்-தால் கிராமத்துப் புகைபோக்கிகளிலிருந்து எழும் புகை, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சட்டை செய்யாமல், அந்த வீட்டார் ஓட்டுப் போட நினைத்திருந்த வேட்பாளரின் பக்கமாகச் சாயத் தொடங்கியது. அதே வாரத்தில் ஆட்டிறைச்சி விலை ஏறியது. ஆற்றுப் பாலத்தின் கைப்பிடி ஒன்றும் உடைந்து விழுந்தது. இந்த மூன்றில் இறைச்சி விலையைப் பற்றித்தான் ஊரில் முதலில் பேசிக்கொண்டார்கள்.

ஊரில் பிரசாரக் கூடாரங்கள் இரண்டு. மேற்குக் கோடியில், கடைக்குப் பக்கத்தில் ஒன்று. கிழக்கே பாலத்தடியில் ஒன்று. இரண்டும் கம்பளி போர்த்திய வட்டக் கூடாரங்கள்தான், இரண்டிலும் காலையிலிருந்து தேநீர் கொதித்தது, எண்ணெயில் பொரித்த மாவுருண்டை குவிந்து கிடந்தது. வேட்பாளர்களின் பெயரை ஊரார் வாயால் சொல்வதில்லை. மேற்கத்தியார், கிழக்கத்தியார் என்பதோடு சரி. மேற்கத்தியார் ஆட்சியில் இருப்பவர்களின் ஆள். கிழக்கத்தியார் அந்த இடத்துக்கு வர நினைப்பவர்களின் ஆள். முந்தைய தேர்தல்களில் எல்லாரும் இரண்டு கூடாரத்திலும் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட பின் உள்ளங்கைகளை விரித்து, விருந்து வைத்தவருக்கு நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்தி, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். வாழ்த்தாமல் எழுவது அங்கே நடக்காத காரியம். கூடாரத்து ஆட்கள் விரிந்த கைகளை எண்ணி, அத்தனையும் ஓட்டு என்று எழுதிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள். வாழ்த்து என்பது வாக்கு அல்ல என்று ஊருக்குத் தெரியும். கூடாரத்துக்கு மட்டும் அது தெரியாது. இந்தத் தெரியாமையின் தயவில்தான் முப்பது வருடமாக யாரும் ஓட்டுக்காக யாரையும் பகைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தார்கள். புகை வந்து அதைக் கெடுத்தது.

புகை கேட்பது வீட்டை அல்ல, தீக்குச்சி உரசிய கையை என்று முதலில் கண்டுபிடித்தவள் கலிச்சா. அவள் பற்றவைத்தால் புகை கிழக்கே போனது, அவள் புருஷன் பற்றவைத்தால் மேற்கே போனது. இருவரும் இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவர்கள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். இரண்டாம் வாரத்தில் கூடாரத்து ஆட்கள் நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக நடந்து கூரைகளை அண்ணாந்து பார்த்தார்கள். கிழக்கே சாய்ந்த புகைக்காக ஒரு கணக்கு வாத்தியாரை மலைக்கு மேலே இருக்கும் பள்ளிக்கு மாற்றினார்கள். மேற்கே சாய்ந்த புகைக்காக ஒருவனின் மச்சான் அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை. பயந்தவர்கள் காலையில் வாளியோடு சபிர் என்பவனின் வீட்டு வாசலில் நின்றார்கள். சபிர் மேற்கத்தியாரை மனதார நேசித்தவன். அவன் வீட்டு அடுப்பின் நெருப்புக் கங்கை வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டால் புகை தப்பாமல் மேற்கே போகும். விடியும் முன்பே அவனை எழுப்பி எழுப்பி, கடைசியில் அவன் தன் வேட்பாளரையே திட்ட ஆரம்பித்துவிட்டான். ஆனாலும் அவன் புகை மேற்கேதான் போனது.

பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்க்கிறவள் மரிபா. வயது ஐம்பத்தாறு. பத்தொன்பது குளிர்காலங்களாக அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கொதிகலனுக்குக் கரி போட்டவள். வெந்நீர் குழாய்கள் வழியாக ஓடி ஏழு வகுப்பறைகளையும் சூடாக்கும். சம்பளத்தோடு வீட்டுக்கும் நிலக்கரி தருவார்கள். அவள் புருஷன் ஷெய்ஷென் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவன். குளிர் ஏறினால் அவனால் புரண்டு படுக்கக்கூட முடியாது. அந்தக் கரிதான் அவனை உயிரோடு வைத்திருந்தது. கொதிகலனின் வால்வில் ஒரு பழைய ரேடியோவைக் கம்பியால் கட்டி வைத்திருந்தாள். வேட்பாளர்களின் விவாதங்களை ஒன்று விடாமல் கேட்டாள். ஐந்து வேளைத் தொழுகையும் அங்கேயே, கரிக்குவியலுக்குப் பக்கத்தில் விரித்த ஆட்டுத்தோலில்.

மேற்கத்தியாரைப் பற்றி அவளுக்குப் பெரிய குறை இல்லை. கணவாய்வரை போட்ட சாலை நல்ல சாலை. ஆனால் ரேடியோவில் எதிராளி பேசும்போதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கிழக்கத்தியார் நீதியைப் பற்றி அழகாகப் பேசினார், குரலும் நல்ல குரல். ஆனால் பாலத்தடிக் கூட்டத்துக்கு வந்தபோது ரொட்டியை எடுத்து, பாதி கடித்து, தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது என்று தெரியாதவர் நாட்டை எப்படி வைப்பார் என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. அதனால் பள்ளிக்கூடத்துப் புகை இரண்டு வாரம் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக எழுந்தது. மூன்றாம் வாரத்தில் தெற்கே சாய்ந்தது. தெற்கே கூடாரம் எதுவும் கிடையாது. சில வீடுகள், அவற்றைத் தாண்டினால் மலையும் கணவாயும்தான்.

ஓட்டுச் சீட்டில் கடைசிப் பெயர் உசோன் என்பது. கணவாய்க்கு அப்பால் ஓர் ஊரில் மாட்டு வைத்தியராக இருந்தவர். ரேடியோவில் மற்றவர்கள் வரத் தாமதமானால் மட்டும் அவருக்கு நேரம் கொடுப்பார்கள். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அவருடைய பழைய கார் பள்ளிக்கு முன்னால் நின்றுபோனது. உசோன் கொதிகலன் அறைக்கு வந்து ஒரு வாளி வெந்நீர் கேட்டார். மரிபா வெந்நீரும் கொடுத்தாள், தேநீரும் ரொட்டியும் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார், மடியில் விழுந்த துணுக்குகளை உள்ளங்கையில் திரட்டி வாயில் போட்டுக்கொண்டார், கைகளை விரித்து அவளையும் அவள் புருஷனையும் வாழ்த்தினார், வாளியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது குளிர் உள்ளே வராதபடி கதவைச் சாத்திவிட்டுப் போனார். பத்தொன்பது குளிர்காலங்களில் அந்தக் கதவைச் சொல்லாமல் சாத்திவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். அன்று சாயங்காலமே புகை சாய்ந்துவிட்டது.

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஊர்த்தலைவர் தூரன்பெக் கொதிகலன் அறைக்கு வந்தார். நாற்பத்தெட்டு வயது, எப்போதும் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. ஓட்டு நாளன்று மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் வரப்போகிறார் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மரிபா அக்கா, உங்க புகை எங்க போகுதுன்னு பாத்தீங்களா?"

"கதவை முதல்ல சாத்து தம்பி. புகை குழாய் வழியா வெளியிலதான் போகுது. உள்ள வந்தாத்தான் நான் கவலைப்படணும்."

"விளையாடாதீங்க. தெக்க போகுது. தெக்கேருந்து யாரு வந்து உங்ககிட்ட ஓட்டு கேட்டா?"

"ஓட்டு கேக்கல. வெந்நீர்தான் கேட்டாரு."

தூரன்பெக்குக்குச் சிரிப்பு வரவில்லை. மேற்கத்தியாருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வர வேண்டும் என்று மாவட்டத்தில் சொல்லிவிட்டார்கள் என்றார். பள்ளிக்கூடமே தெற்கே பார்த்துக்கொண்டிருந்தால் தன் தலை போய்விடும் என்றார். மனதை மாற்றிக்கொள்ளச் சொன்னார். மரிபா கோபப்படவில்லை. முயற்சி செய்து பார்க்கிறேன் என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். மூன்று நாள் தொழுகைக்குப் பின் அங்கேயே உட்கார்ந்து, சாலையை நினைத்தாள், மேற்கத்தியாருடைய முகத்தை நினைத்தாள், அவருக்கும் ஒரு தாய் இருப்பாள் என்று நினைத்தாள். புகை கொஞ்சம் தடுமாறியது. ஒருமுறை பாதி வானம்வரை மேற்கே போகவும் செய்தது. அப்புறம் கதவு ஞாபகம் வந்தது, தெற்கே திரும்பிவிட்டது.

"அப்ப சபிர் வீட்டுக் கங்கைக் கொண்டு வந்து போடுங்க" என்றார் தூரன்பெக், அடுத்த முறை வந்தபோது. "ஊரே அதைத்தான் பண்ணுது."

"ஊர்க்காரங்க அவங்கவங்க அடுப்புல பண்றாங்க. இது பிள்ளைங்க குளிர் காயற நெருப்பு. இதைப் பொய் சொல்ல வெக்க என்னால முடியாது."

"புகை என்னக்கா பொய் சொல்லும்?"

"அது உண்மை சொல்லுதுன்னுதானே நீ இத்தனை தடவை வர்ற?"

அவர் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை மத்தியானம் ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார். திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் வருவார், வீட்டுக் கரியும் அத்தோடு நின்றது என்று அதில் எழுதியிருந்தது. தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரே அதைப் படித்துக் காட்டினார். மரிபா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து அவர் கையில் வைத்தாள். சாம்பல் எடுக்கும் வாய் இறுகிக் கிடக்கும், மெதுவாகத் திறக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். வீட்டில் ஷெய்ஷென் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். கொட்டகையில் எட்டு நாளுக்குக் கரி இருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது பாகை.

"ஒரு பேச்சுக்காவது அந்தாளை நெனச்சிருக்கலாமில்ல?" என்றான்.

"நெனச்சுப் பாத்தேன். வரல."

"என் இடுப்பை நெனச்சா கூடவா வரல?"

 தன் கம்பளியையும் எடுத்து அவன் மேல் போர்த்தினாள். 

ஞாயிற்றுக்கிழமை காலை, மரிபா விட்டுப்போன நெருப்பு அணைந்து குழாய்கள் உறையும் முன், தூரன்பெக் தானே போய்க் கொதிகலனைப் பற்றவைத்தார். சபிர் வீட்டு வாசலில் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. ஊரில் மேற்கத்தியாருடைய முதல் ஆள் தானே என்று அவர் நம்பினார். மேலிடத்துக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தார். அவருடைய வீட்டு அடுப்பைப் பற்றவைப்பது அவர் மனைவி, அதனால் தன் புகையை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. எட்டு மணிக்கு ஓட்டுப் போட வந்த மரிபா பள்ளி வாசலில் அறுபது பேர் வரிசையில் நின்று தலையை அண்ணாந்திருப்பதைப் பார்த்தாள்.  பள்ளிக்கூடத்துப் புகை, கனமாகக் கறுப்பாக, தெற்கே சாய்ந்து கணவாயைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய புகையை விட ஒரு முழம் அதிகமாகவே சாய்ந்திருந்தது.

கொதிகலன் அறைக் கதவு திறந்து கிடந்தது. தூரன்பெக் கரிக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி.

"நான் மேற்கத்தியாரு ஆளு அக்கா. சத்தியமா."

"அதைப் புகைகிட்ட சொல்லு." அவள் கதவைச் சாத்தினாள். "என்ன ஆச்சு?"

அவர் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருகினார். "அன்னைக்கு அவரு கார் வந்தப்போ நான் கடைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். அவரோட பேசக் கூடாதுன்னு மேல சொல்லியிருந்தாங்க. அவரு என்னைப் பாத்துட்டாரு. பாத்தும் கிட்ட வரல. வந்தா எனக்குச் சிரமம்னு தெரிஞ்சு, நெஞ்சுல கை வெச்சுத் தலையாட்டிட்டு அந்தப் பக்கமா திரும்பிக்கிட்டாரு. அவ்வளவுதான். அதுக்கா அக்கா இப்படி?"

"அது போதாதா?" என்றாள் மரிபா.

ஒன்பதரைக்கு அதிகாரி வந்துவிடுவார். தூரன்பெக் எழுந்து, நெருப்பை அணைத்துவிடலாமா என்றார். அணைத்தால் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்கும், பள்ளிக்கூடம் வசந்தம்வரை திறக்காது என்றாள் அவள். சபிர் வீட்டுக்கு ஓடட்டுமா என்றார். அவர் கை வைத்த நெருப்பின் மேல் யார் வீட்டுக் கங்கைப் போட்டாலும் அது அவருடைய நெருப்புத்தான் என்றாள். இப்படியே விட்டுவிட்டு வரிசையில் போய் நிற்கலாம், அவரைப் பற்றி மேலே போகும் கடிதத்தை வேறு யாராவது எழுதுவார்கள் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றாமல் இல்லை. அவள் காகிதம் அவளுடைய சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அவருடைய இடது கையில் சாம்பல் வாய் சுட்ட கொப்புளத்தைப் பார்த்தாள். மெதுவாகத் திறக்கச் சொல்லியும் கேட்கவில்லை.

"பொய் சொல்ல வெக்க மாட்டேன்னு சொன்னேன்" என்றாள். "வாயை மூடிட்டு இருக்க வெக்கறதுல தப்பில்ல. சாவியைக் குடு, கையைப் பனியில வை."

பின்னறையில் பதினோரு சாக்கு மூட்டைகள் இருந்தன. ஒவ்வொரு நாளும் சாம்பலைக் கொட்டும் முன் அவள் சல்லடையில் போட்டுச் சலிப்பாள். பாதி எரிந்து புகையெல்லாம் தீர்ந்துபோன கரித்துண்டுகள் அதில் நிற்கும். வீணாக்கக் கூடாது என்று மூட்டை கட்டி வைப்பாள். மற்ற கொதிகலன்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தத் துண்டுகளுக்குச் சூடு உண்டு, புகை கிடையாது. அவள் பச்சைக்கரியைக் கொக்கியால் வாரி வெளியே இழுத்தாள், தணலைச் சமமாகப் பரப்பினாள், மூட்டையைப் பிரித்து மண்வெட்டி மண்வெட்டியாகத் தூவினாள், காற்று வாயைத் திறந்தாள். தூரன்பெக் ஒரு கையால் மூட்டைகளை இழுத்துக் கொடுத்தார். ஒன்பது மணிக்குப் புகை மெலிந்தது. ஒன்பது பத்துக்கு நூலானது. ஒன்பது இருபதுக்குப் புகைபோக்கிக்கு மேலே காற்று லேசாக நடுங்கியது, வேறொன்றும் இல்லை. வகுப்பறைகளில் சூடு ஒரு பாகைகூடக் குறையவில்லை.

வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். மாவட்டத்துக் கார் தொலைவில், கீழே ஆற்று வளைவில் புள்ளியாகத் தெரிந்தது. அப்போது கலிச்சா தன் புருஷனைப் பார்த்து, மூன்று வாரத்தில் முதல் முறையாக உரக்கப் பேசினாள்.

"பள்ளிக்கூடம் மட்டும் வாயை மூடினாப் போதுமா? நம்ம வீட்டு அடுப்பு என்னத்தைக் கத்திக்கிட்டு இருக்கு? போ, போய் மூடு."

"குளிருமேடி!"

"குளிரட்டும். பேசிக்கிட்டே இருந்தா சூடு வரும்."

அவன் போனான். அடுத்த வீட்டுக்காரன் அவனைப் பார்த்துப் போனான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, கூட்டம் போடவில்லை. மேல் தெருவில் சபிர் ஒரு வாளிச் சாம்பலைத் தன் அடுப்பில் கொட்டி மூடிவிட்டு, அப்பாடா என்று வாசலில் உட்கார்ந்தான். அதிகாரியின் கார் பாலத்தைத் தாண்டும்போது அக்-தாலில் நூற்றுப் பதினெட்டு வீடுகளிலும் புகை இல்லை. மேற்குக் கோடியிலும் கிழக்குக் கோடியிலும் கூடாரங்கள் இரண்டு மட்டும் புகைந்துகொண்டிருந்தன, வெறும் வானத்துக்குக் கீழே தன்னந்தனியாக.

அதிகாரி இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார்.

"என்னய்யா இது, ஊர்ல ஒரு அடுப்புகூட எரியலையே?"

தூரன்பெக் சுட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைங்க" என்றார்.

வீடுகள் குளிர்ந்துவிட்டதால் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். நாள் முழுக்க அங்கேயே இருந்தார்கள். ஷெய்ஷெனை நான்கு பேர் கதவுப் பலகையில் படுக்க வைத்துத் தூக்கி வந்து, முதல் வகுப்பில் குழாய்க்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். ஓட்டுப் பெட்டியை அவனிடமே கொண்டுபோய் ஓட்டு வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு ரொட்டியும் காய்ந்த தயிர் உருண்டையும் வந்தன. மத்தியானத்துக்கு மேல் இரண்டு கூடாரத்துச் சமையல்காரர்களும் ஆள் வராமல் சலித்துப்போய், பொரித்த மாவுருண்டைகளைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கைகளை விரித்து அவர்களை வாழ்த்தினார்கள். யாரும் எண்ணவில்லை. மரிபா வாக்குச் சீட்டை வாங்கி, திரைக்குப் பின்னால் போய், கடைசிப் பெயருக்கு நேரே குறியிட்டுவிட்டுக் கொதிகலனுக்குத் திரும்பினாள். சாவடி மூடும்போது ஒன்பதாவது மூட்டை நடந்துகொண்டிருந்தது.

நாட்டில் மேற்கத்தியார் ஜெயித்தார். பள்ளிக் கதவில் ஒட்டிய கணக்கின்படி அக்-தாலில் உசோனுக்கு முப்பத்தெட்டு ஓட்டு விழுந்திருந்தது. தெற்கே சாய்ந்த புகையாக ஊர் பார்த்தது இரண்டு கைகளின் புகையைத்தான். மற்ற முப்பத்தாறு யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை தூரன்பெக் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு கொதிகலன் அறைக்கு வந்தார். கணக்கு வாத்தியாரைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டிருப்பதாகவும், மேலே சம்மதிப்பார்களா தெரியவில்லை என்றும் சொன்னார். பிறகு, "அந்தக் காகிதம் இருக்கா அக்கா?" என்று கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அதை அவரே கொதிகலனுக்குள் போட்டார். இருவரும் அது எரிவதைப் பார்த்தார்கள். தேநீர் குடிக்கச் சொன்னாள், வேலை இருக்கிறது என்றார். போகும்போது வாசலைத் தாண்டி இரண்டடி வைத்தவர், நின்று, திரும்பி வந்து, நல்ல கையால் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பின் மூன்று தேர்தல்கள் நடந்துவிட்டன. ஓட்டு நாளன்று அக்-தாலில் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. முதல் நாளே ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்கள். மற்ற வீடுகளின் புகை தேர்தல் முடிந்ததும் காற்றின் சொல் கேட்டு நடக்க ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் புகை மட்டும் மாறவில்லை. உசோன் மறுபடி எதற்கும் நிற்கவில்லை, மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். ஆனாலும் மரிபா பற்றவைக்கும் நெருப்பு அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை தெற்கேதான் சாய்கிறது. அதனால் பள்ளிக்குத் தெற்கே இருக்கும் வீடுகளில் துணி காயப்போட்டால் கரி படிகிறது. அந்த ஒன்பது வீட்டுப் பெண்களும் கொடிக்கயிற்றை வடக்குப் பக்கமாக மாற்றிக் கட்டிக்கொண்டார்கள்.